டிராக்டர் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்பு



சம்பா, தாளடி அறுவடை முடிந்து, வைக்கோல் ஏற்றுகிற வேலையும் ஓய்ந்து, டிராக்டர் சற்று மூச்சு விடுகிற காலம் பங்குனியும் சித்திரையும். இந்தச் சமயத்தில் காவிரி டெல்டா ஊர்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பம்பு செட்டுத் தண்ணீரில் வண்டியைக் கழுவி, முன் பம்பருக்கும் மட்கார்டுக்கும் பளபளவென்று ஒரு கோட் பெயிண்ட் அடித்து, தெருவில் நிறுத்தியிருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை பிடித்து நாலு வயல் சேறடித்ததும் அதே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தால் தொட்டாலே பட்டை பட்டையாக உரியும். "பெயிண்டு கடைக்காரன் ஏமாத்திட்டான் சார், அடிச்சு ஒரு வருஷம்கூட ஆகலே" என்று நம்மிடம் குறைப்படுவார்கள்.

பெரும்பாலும் கடைக்காரர் பேரில் குற்றம் இருக்காது. பெயிண்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வேலையில் பத்தில் எட்டுப் பங்கு பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அந்த எட்டுப் பங்கைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன்.

முதலில், பம்பர், மட்கார்டு, கூரைச் சட்டம் எல்லாம் எதற்காக இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். வரப்பிலும் மரத்திலும் இடித்தால் ரேடியேட்டரைக் காப்பது பம்பர். பின் சக்கரத்துக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்பது மட்கார்டு. அந்த மட்கார்டைத் தாங்குகிற கிளாம்பும் போல்ட்டும் துருவேறி, மேலே மட்டும் பெயிண்ட் மின்னிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மேட்டில் ஏறும்போது ஆள் அதைப் பிடித்துக்கொள்வார். அது கையோடு வந்துவிட்டால் அவர் விழுகிற இடம் பின் சக்கரத்துக்கு முன்னால். மட்கார்டின் மேல் ஆளை உட்கார வைத்துக்கொண்டு போவதே தவறு. ஆனாலும் நம் ஊர்களில் நடக்கிறதே, அதனால் சொல்கிறேன். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற நாள்தான் இந்தப் பாகங்களைத் தட்டிப் பார்த்துச் சோதிக்கிற நாளும்.

சோதிப்பது சிரமமில்லை. சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று பேசும். உள்ளே அரித்துப்போன இடம் 'டப்' என்று செத்த குரலில் சொல்லும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்துப் பற்றவைக்க வேண்டியதுதான். அங்கே பட்டி பூசி மறைக்கவே கூடாது. பட்டி என்பது பள்ளத்தைச் சமப்படுத்துகிற மாவு. அதற்குப் பலம் கிடையாது. முக்கியமாக வெல்டிங் ஓரங்களில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அந்த வெடிப்பின் வழியாகத் துரு கசிந்து, கோடு போட்டது மாதிரி காவி நிறம் தெரியும். வெல்டிங் செய்ய வேண்டிவந்தால் முன்னதாக பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள். முடிந்தால் பாகத்தையே கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். டீசல் டேங்க் பக்கத்தில் தீப்பொறி பறக்க வேண்டாம்.

இங்கே ஒரு விலக்கு. கம்பெனியிலிருந்தே வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் பொருத்தி வந்திருந்தால், அதில் உள்ளூர்ப் பட்டறையில் ஓட்டை போடவோ பற்றவைக்கவோ கூடாது. அதன் பலம் கணக்குப் பார்த்து வைத்த பலம். வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். வெயிலுக்காக நாம் போட்டுக்கொள்கிற கூரை வேறு, இந்தச் சட்டம் வேறு. கூரை இருக்கிறது என்ற தைரியத்தில் கரையோரம் வண்டியைச் சாய்த்து ஓட்டாதீர்கள்.

இனி துருவைப் பற்றிக் கொஞ்சம். இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. துரு தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்டுக்கு அடியில் கடுகளவு துரு மிச்சமிருந்தாலும், அது பெருத்து, மேலே இருக்கிற பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. இதோடு உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றிலேயே உப்பு இருக்கிறது. உள்ளே தள்ளியிருக்கிற ஊர்க்காரர்கள் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். நாம் டிரெய்லரில் ஏற்றுகிற பொட்டாஷ் இருக்கிறதே, மியூரேட் ஆஃப் பொட்டாஷ், அதுவும் ஒரு குளோரைடு உப்புத்தான். மூட்டை கிழிந்து டிரெய்லர் மூலையிலும் ஹூக் பக்கத்திலும் கொட்டிக் கிடக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, மழையில்லாத நாளிலும் அந்த இடத்தை நசநசவென்று வைத்திருக்கும். பல வண்டிகளில் முதலில் ஓட்டை விழுகிற இடம் அதுதான்.

ஆகையால் முதல் வேலை கழுவுவது. எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பதும் முக்கியம். கடலோரத்தில் பல போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். அதில் கழுவிக் காயவைத்தால் இரும்பின் மேல் உப்பைப் பூசிவைத்த கணக்கு. கடைசி அலசலாவது குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீரில் இருக்கட்டும். மட்கார்டின் உட்புறம், மடிப்புகள், கிளாம்பு இடுக்குகள் இவற்றில் அடைந்திருக்கிற சேற்றைக் குச்சியால் நோண்டி எடுங்கள். வெளிப்புறத்தை யாரும் சொல்லாமலே கழுவிவிடுவார்கள். துரு பிடிப்பது உட்புறத்தில்.

சேறு போனதும் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தூள் கரைத்த தண்ணீர் போட்டு, தென்னை நார் வைத்துத் தேய்த்து, நன்றாக அலச வேண்டும். இதை உப்புத்தாள் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அந்த எண்ணெய் தேய்த்த கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எத்தனை தடவை துடைத்தாலும் வராது.

ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. பெயிண்ட் அடிக்கும் முன் டீசலோ மண்ணெண்ணெயோ நனைத்த துணியால் ஒரு துடைப்பு! "அழுக்கு சுத்தமா போயிடுது சார்" என்பார்கள். அழுக்கு போகிறது, எண்ணெய் தங்குகிறது. கடைசியாகத் துடைக்க வேண்டியது பெயிண்ட் கடையில் விற்கிற தின்னரால். அதுவும் சுத்தமான வெள்ளைத் துணியில். துணி அழுக்கானால் மடித்து மறுபக்கம். அப்புறம் வேறு துணி.

துரு எடுப்பதற்கு வருவோம். செதில் செதிலாக இருப்பதை உளியாலோ சுத்தியலாலோ தட்டி உதிர்த்துவிட்டு, கம்பி பிரஷ் போட வேண்டும். கம்பி பிரஷ்ஷோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இரும்பு பளபளவென்று ஆகிவிட்டதே, போதாதா? போதாது. கம்பி பிரஷ் இரும்பை வழவழப்பாக மெருகேற்றிவிடுகிறது. வழவழத்த இடத்தில் பெயிண்டுக்குப் பிடிமானம் இல்லை. சுவருக்குச் சிமெண்ட் பூசுமுன் கொத்தனார் கொத்திவிடுகிறாரே, அதே காரணம்தான். ஆகவே 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் எல்லா இடத்தையும் மங்கலாகும்படி தேய்க்க வேண்டும். கை கிரைண்டர் இருந்தால் அதற்கென்று உள்ள உப்புத்தாள் டிஸ்க் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரும்பைத் தின்கிற அளவுக்கு அழுத்த வேண்டாம். பழைய பெயிண்ட் நன்றாக ஒட்டியிருக்கிற இடத்தை உரிக்க வேண்டியதில்லை. அதன் ஓரத்தை மட்டும் படிக்கட்டு தெரியாமல் சரிவாகத் தேய்த்துவிட்டால் போதும்.

வண்டி ரொம்பப் பழசு என்றால் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். செந்தூர நிறத்தில் இரும்புக்கு அடிக்கும் பிரைமர் என்றாலே அன்றைக்கு ஈயம்தான். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி செய்து, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த விதி வீட்டுப் பெயிண்டுக்குத்தான். இயந்திரங்களுக்கு அடிக்கிற பெயிண்டுக்கு அல்ல. ஆகவே பழைய பெயிண்டைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் தனியாக விற்கிறது. அதில் தேய்த்து, உடனே துடைத்து, வெயிலில் காட்டுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அன்று போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். உரித்த தூளை மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கூட்டிவிடவும் வேண்டாம். இன்னொன்று, மணலை ஊதித் துரு எடுக்கிறேன் என்று சொல்லும் பட்டறையில் ஆற்று மணலைத் திறந்தவெளியில் ஊதினால், அந்த இடத்தில் நிற்காமல் வந்துவிடுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது.

துருவை மாற்றுகிற திரவம் என்று கடைகளில் கிடைக்கிறது. அதில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். மெல்லிய துருவை அது பாஸ்பேட்டாக மாற்றி இரும்போடு ஒட்டவைக்கும். டில்லியில் இரும்புத் தூண் ஆயிரத்து அறுநூறு வருஷமாகத் திறந்தவெளியில் நிற்கிறதே, அதன் இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பது முக்கிய காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதினார். நம் பம்பர் அந்த இரும்பில் செய்ததல்ல. இந்தத் திரவம் பள்ளங்களில் ஒளிந்திருக்கிற துருவுக்கு உதவும். கனமான செதிலுக்கு மேல் தடவினால் வீண். தடவியபின் கழுவ வேண்டுமா, வேண்டாமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் செய்யுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

பழைய இரும்பைவிடப் புது இரும்பில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பட்டறையில் புதிதாக ஆங்கிள் வாங்கி பம்பர் செய்திருப்பார்கள். துருவே இல்லை. நீலமும் கறுப்பும் கலந்த ஒரு மினுமினுப்பு இருக்கும். "புது இரும்புதானே" என்று நேரே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அந்த மினுமினுப்பு, ஆலையில் பழுக்கக் காய்ச்சி உருட்டியபோது ஏற்பட்ட செதில். ஓட்டலில் தோசைக்கல்லில் ஏடு பிடித்திருப்பது மாதிரி. வண்டி அதிர அதிர அந்தச் செதில் கழன்று வரும். வரும்போது பெயிண்டையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அதைக் கிரைண்டர் போட்டு எடுத்தே ஆக வேண்டும். வெல்டிங் மேல் இருக்கிற கசடையும், சுற்றிலும் தெறித்து ஒட்டியிருக்கிற முத்துகளையும் உளியால் தட்டிவிட வேண்டும்.

ஓரங்களையும் கவனியுங்கள். வெட்டிய இரும்பின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தால், அதில் அடித்த பெயிண்ட் இரண்டு பக்கமும் விலகி, முனையில் ஒன்றுமே நிற்காது. துரு முதலில் தலைகாட்டுவது விளிம்பில்தான், கவனித்துப் பாருங்கள். அரம் போட்டு விளிம்பை மழுக்குங்கள். பிரைமர் அடிக்கும்போது எல்லா விளிம்புக்கும் வெல்டிங் வரிக்கும் போல்ட் துளைக்கும் முதலில் சின்னப் பிரஷ்ஷால் ஒரு முறை அடித்துவிட்டு, அப்புறம் மொத்தத்துக்கும் அடியுங்கள். அரை மணி நேர வேலை. ஸ்ப்ரே வைத்திருக்கிற பெயிண்டர்கூட இதை மட்டும் பிரஷ்ஷில் செய்வது நல்லது.

பைப்பில் செய்த பம்பர் என்றால் உள்ளேயும் ஒரு வயிறு இருக்கிறது. இரவு குளிரில் உள்ளே வியர்த்து, தண்ணீர் அடியில் தேங்கும். வெளியே எத்தனை கோட் அடித்தாலும் அது உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். வாய்களை இடைவெளியில்லாமல் முழுக்க வெல்டிங் செய்து அடைக்க வேண்டும். அல்லது, தாழ்வான இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டுத் தண்ணீர் வடிய விட வேண்டும். பாதி அடைப்பதுதான் கெடுதல். கூரைக்கு ஜி.ஐ. பைப் போட்டிருந்தால் அதன் கதை வேறு. துத்தநாகப் பூச்சின் மேல் சாதா எனாமல் நேரடியாக நிற்காது. சில மாதத்தில் தாள் மாதிரி உரியும். அதற்கென்று உள்ள பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும். ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கும்போது வருகிற வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பை இரவு தாண்ட விடாதீர்கள். பனியில் ஒரு ராத்திரி கிடந்தால் மறுநாள் காலை மஞ்சள் பூத்திருக்கும். அன்றே பிரைமர் ஏற வேண்டும். நம் பக்கம் எல்லோரும் அடிப்பது ரெட் ஆக்சைடு. மலிவு, எளிது. ஆனால் அதை அடித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிடுகிறார்கள். பிரைமருக்குள் ஈரம் புகும். அது மேல் பூச்சுக்குப் பிடிமானமாகச் செய்தது, மழையில் நிற்கச் செய்ததல்ல. கொஞ்சம் செலவு தாங்கும் என்றால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் வாங்குங்கள். கடலோரக்காரர்கள் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பணத்தை மேல் பெயிண்டில் குறைத்துக்கொள்ளலாம், பிரைமரில் குறைக்க வேண்டாம்.

இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எபாக்ஸி இன்னும் உறுதி. ஆனால் சொன்ன அளவில் கலக்க வேண்டும். கலந்ததைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். வெயிலில் அது மாவு மாதிரி வெளுக்கும் என்பதால் மேலே வேறு பூச்சும் வேண்டும். பழைய எனாமலின் மேல் இதை அடித்தால் அடியில் உள்ளது சுருங்கி வழித்துக்கொண்டு வந்துவிடக்கூடும். கெட்டிப்படுத்தும் திரவம் கலந்து ஸ்ப்ரே செய்கிற இரண்டு டப்பா பாலியூரித்தேன் பெயிண்டின் புகை மூச்சுக்குழாயைக் கெடுக்கும். துண்டைக் கட்டிக்கொண்டு அதை அடிக்கக் கூடாது. அதற்குரிய முகமூடியும் அறையும் உள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள். வீட்டில் செய்கிறவர்களுக்கு பிரஷ்ஷில் அடிக்கிற பிரைமரும் எனாமலுமே போதும்.

எத்தனை கோட்? பிரைமர் இரண்டு, எனாமல் இரண்டு. காய்ந்த எனாமல் ஒரு கோட் என்பது மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான் தேறும். மூன்று கோட் சேர்ந்தால் ஒரு தலைமுடிப் பருமன். இவ்வளவு மெல்லிய தோலைத்தான் சேற்றுக்கும் கல்லுக்கும் நடுவில் நிறுத்துகிறோம். அதிலும் தண்ணியாகக் கரைத்து அடித்தால் என்ன மிஞ்சும்? எனாமலுக்கு அதற்குரிய டர்பன்டைன் கொஞ்சம் விடலாம். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் விடக் கூடாது. ஒரு லிட்டர் எனாமல் சமமான தகட்டில் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். பைப்பும் ஆங்கிளும் என்றால் அதில் பாதி என்று கணக்கு வைத்து வாங்குங்கள். கோட்டுக்குக் கோட் ஓர் இரவு இடைவெளி கொடுத்து, லேசாக உப்புத்தாள் காட்டி, தூசி துடைத்து அடியுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். விடியற்காலை இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி இருக்கும். உச்சி வெயிலில் இரும்பு கை வைக்க முடியாமல் கொதிக்கும். அதில் பெயிண்ட் மேலாக மட்டும் காய்ந்து கொப்புளிக்கும். பனி நன்றாகக் காய்ந்த பிறகு, ஏறக்குறைய எட்டு மணிக்குமேல், நிழலில் வைத்து அடிப்பது உத்தமம். போர் அடிக்கிற களத்துக்குப் பக்கத்திலோ, காற்றில் பதர் பறக்கிற இடத்திலோ வேண்டாம்.

அடிக்கும் முன்பு எதற்கெல்லாம் அடிக்கக் கூடாதோ அதையெல்லாம் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். சேசிஸ் நம்பர் தகடு, விளக்கு, பிரதிபலிப்பான், எச்சரிக்கை ஸ்டிக்கர், கிரீஸ் நிப்பிள், ஹைட்ராலிக் ராடு, ஆக்சிலின் மேல் இருக்கிற மூச்சுத்துளை. இந்த மூச்சுத்துளை பெயிண்டில் அடைபட்டு, சூடேறியதும் சீல் வழியாக எண்ணெய் ஒழுகுவதுண்டு. மெக்கானிக் சீலை மாற்றிவிட்டுப் போவார், ஒழுகல் நிற்காது. பம்பர் போல்ட் உட்காருகிற முகத்திலும் கனமாகப் பெயிண்ட் வேண்டாம். ஒரு மெல்லிய பிரைமர் போதும். கனமான பெயிண்ட் அழுத்தத்தில் நசுங்கி, போல்ட் தளர்ந்துவிடும்.

கேஜ் வீலுக்கு என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். எனக்குக் கேட்டால், அதற்கு நல்ல எனாமல் அடிப்பது காசுக்குக் கேடு. ஒரு ஏக்கர் சேற்றில் உருண்டால் மண்ணே உப்புத்தாளாகத் தேய்த்துவிடும். பருவம் முடிந்ததும் கழுவி, காயவைத்து, வெல்டிங் வெடிப்புப் பார்த்து, கறுப்புத் தார்ப் பெயிண்ட் ஒரு கை அடித்து, மண்ணில் படாமல் மரக்கட்டையின் மேல் ஏற்றி வையுங்கள். கழிவு எஞ்சின் ஆயிலைப் பூசுகிற வழக்கம் உண்டு. அது அடுத்த பருவம் வயல் தண்ணீரில்தான் கலக்கும். தோலுக்கும் ஆகாது.

பெயிண்ட் துடைத்த துணியையும் பஞ்சையும் சுருட்டிக் கொட்டகை மூலையில் போடாதீர்கள், சில எண்ணெய்கள் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம் என்பதை வேலையாளுக்கும் சொல்லிவிடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே வண்டியை வயலில் இறக்கக் கூடாது. எனாமல் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். பாகங்களைப் பூட்டி, நாலைந்து மணி நேரம் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் ஸ்பானர் வைத்து மறுபடி இறுக்கிப் பாருங்கள். மீந்த பெயிண்ட்டில் கால் லிட்டரைச் சின்ன டப்பாவில் இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள். கல் பட்டுப் பெயர்ந்த இடத்தை, துரு தெரிவதற்குள் அன்றைக்கே தேய்த்துத் தொட்டுவிடலாம்.